வண்டி வாங்கப் போகிறீர்களா? வட்டியைக் கேளுங்கள்!

காலை 6 மணி. ஒரகடம் கூட்டு ரோடு.

கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. இரவு வேலை முடிந்தவர்கள் தூக்கக் கண்ணோடு இறங்குகிறார்கள். பகல் வேலைக்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறுகிறார்கள். பஸ்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் நுழைந்து நுழைந்து ஓடுகின்றன.

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையும் சந்திக்கும் இடம் இது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்தது. ராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் ஸ்ரீபெரும்புதூரை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். இன்று அதைச் சுற்றிலும் தொழிற்சாலைகள்.

இங்கே கார் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். ஒரகடத்தில் 2013-ம் ஆண்டு முதல் ராயல் என்பீல்டு தொழிற்சாலை நடக்கிறது. பக்கத்தில் உள்ள வல்லம் வடகாலில் 2015-ம் ஆண்டு யமஹா தொழிற்சாலை வந்தது. 2017-ம் ஆண்டு அங்கேயே ராயல் என்பீல்டின் இன்னொரு தொழிற்சாலையும் வந்தது.

ஆனால் ஒன்று. மோட்டார் சைக்கிள் செய்கிற ஊரில் இருப்பவருக்கும் தொழிற்சாலை வாசலில் வண்டி விற்க மாட்டார்கள். அவரும் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும். எல்லோரையும் போலக் கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும். கடன் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் தெரியுமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏன் வேண்டும் வண்டி?

ஆடம்பரத்துக்காக எல்லோரும் வண்டி வாங்குவது இல்லை.

கம்பெனி பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். வாடகை வீடு உள்ளே, கிராமத்தில் இருக்கும். நள்ளிரவில் வேலை முடிந்தால், 3 கிலோ மீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் பஸ் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேட வேண்டும்.

ஆகவே வண்டி வேண்டும். அதை எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. கணக்கு தவறினால், 3 வருடச் சம்பளத்தில் ஒரு பங்கு வட்டியாகவே போய்விடும்.

அன்று பணம் இருந்தும் வண்டி இல்லை

இரும்புக் குதிரை நமக்குப் புதிது அல்ல. 1955-ம் ஆண்டு சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் இருந்து பாகங்கள் வந்தன. அவற்றை இங்கே பூட்டி ‘புல்லட்’ ஆக்கினார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையின் பெயர் நாடெங்கும் பரவியது.

அதற்கு முந்திய ஆண்டு, 1954-ல், அதே சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கியது. லாரி, பஸ் வாங்குவோருக்குக் கடன் கொடுத்தது. வண்டி செய்யும் தொழிலும், வண்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலும் இந்த ஊரில் ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தன.

அந்தக் காலத்தில் இருசக்கர வண்டி வாங்குபவரின் கவலை வேறு. பணத்தைக் கட்டிப் பெயர் பதிவு செய்துவிட்டு, ஒரு ஸ்கூட்டருக்காக ஆண்டுக்கணக்கில் காத்து இருந்தார்கள். இன்று அப்படி இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், மாலையில் வண்டியோடு வீடு திரும்பலாம். அன்று வண்டி கிடைப்பது கஷ்டம். இன்று வண்டி எளிதாகக் கிடைக்கிறது. கடனும் எளிதாகக் கிடைக்கிறது. அங்கேதான் நிதானம் வேண்டும்.

முதல் கேள்வியே வலை

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ஷோரூம். ஒரு தம்பி வருகிறான். கூட அவனுடைய அம்மா. பளபளக்கும் வண்டியைத் தடவிப் பார்க்கிறான். விற்பனைக்காரர் சிரித்த முகத்தோடு வருகிறார்.

“சார், மாசம் எவ்வளவு கட்ட முடியும் உங்களால?”

“ஒரு மூவாயிரம்... மூவாயிரத்து ஐந்நூறு.”

“அவ்வளவுதானே! வண்டியை எடுங்க. தவணையை நான் சரி பண்ணித் தர்றேன்.”

தம்பிக்கு மகிழ்ச்சி. ஆனால் இதில் ஒரு விஷயம் மறைந்து இருக்கிறது. வண்டியின் விலையை யாரும் பேசவில்லை! மாதத் தவணையை மட்டுமே பேசினார்கள்.

மாதத் தவணையை எப்படி வேண்டுமானாலும் குறைக்கலாம். மாதங்களைக் கூட்டினால் போதும். இதோ கணக்கு:

கடன் 1 லட்சம் ரூபாய். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 10. முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடும் முறை.

24 மாதம் என்றால், மாதத் தவணை ரூ.5,000. மொத்தம் கட்டுவது ரூ.1,20,000.

36 மாதம் என்றால், மாதத் தவணை ரூ.3,611. மொத்தம் ரூ.1,30,000.

48 மாதம் என்றால், மாதத் தவணை ரூ.2,917. மொத்தம் ரூ.1,40,000.

தவணை குறையக் குறைய, மொத்தம் கூடுகிறது. “மாசம் மூவாயிரம்கூட இல்லை” என்று மகிழ்ந்தவர், 20 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார்.

அம்மா கேட்ட கேள்வி

இப்போது அம்மா வாயைத் திறக்கிறார்.

“வட்டி எவ்வளவுப்பா?”

“பத்து பர்சென்ட்தாம்மா. மாசத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபாகூட இல்லை.”

“எங்க மகளிர் குழுவுல, கட்டக் கட்ட அசல் குறையும். மிச்சம் இருக்கிற அசலுக்குத்தான் வட்டி. இங்கே எப்படி?”

விற்பனைக்காரர் கொஞ்சம் தயங்குகிறார். “இது பிளாட் ரேட்டும்மா.”

அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. வட்டியில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, குறையும் வட்டி. நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்கள். கடன் குறைகிறது. மீதி உள்ள கடனுக்கு மட்டும் வட்டி.

மற்றது, மாறா வட்டி. இதைத்தான் ‘பிளாட் ரேட்’ என்கிறார்கள். முதல் நாள் வாங்கிய 1 லட்சத்துக்கும், கடைசி மாதம் வரை முழு வட்டி. ஒன்றரை வருடத்தில் பாதிக் கடனை அடைத்துவிட்டீர்கள். ஆனாலும் அடைத்துவிட்ட பாதிக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்!

1 லட்சம் ரூபாய்க்கு, 36 மாதத்துக்கு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறையும் வட்டி 10 என்றால், வட்டியாகப் போவது சுமார் ரூ.16,160.

மாறா வட்டி 10 என்றால், வட்டியாகப் போவது ரூ.30,000.

பெயர் இரண்டுக்கும் “பத்து”தான். வித்தியாசம் ஏறக்குறைய 14 ஆயிரம் ரூபாய்!

மாறா வட்டி 10 என்பது, உண்மையில் வருடத்துக்கு ஏறத்தாழ 18 வட்டி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. தெருக்கோடியில் ஒருவர் “ஒன்றரை வட்டி” என்று கேட்டால் யோசிக்கிறோம். குளுகுளு அறையில் “பத்து பர்சென்ட்” என்று சொன்னால் தலையை ஆட்டுகிறோம்.

இன்னும் ஒன்று. ‘பிராசஸிங்’ கட்டணம் என்று 3 ஆயிரம் ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டால், உங்கள் வண்டிக்கு வந்து சேருவது 97 ஆயிரம்தான். வட்டி கட்டுவதோ 1 லட்சத்துக்கு. அப்போது உண்மை வட்டி 20-ஐத் தொட்டுவிடும்.

மூன்று கேள்விகள்

ஷோரூமுக்குப் போகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் 3 கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: வண்டி சாலைக்கு வரும்போது மொத்த விலை எவ்வளவு?

கடை விலை வேறு. சாலைக்கு வரும் விலை வேறு. கடை விலையோடு ஆயுள் வரி சேரும். தமிழ்நாட்டில் 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் இந்த வரி உயர்ந்தது. 1 லட்சம் வரை விலை உள்ள இருசக்கர வண்டிக்கு நூற்றுக்கு 10. அதற்கு மேல் விலை உள்ள வண்டிக்கு நூற்றுக்கு 12. இன்சூரன்சும், பதிவுக் கட்டணமும் தனி. ஆகவே கடை விலை 1 லட்சம் என்றால், சாலைக்கு வரும்போது 1 லட்சத்து 20 ஆயிரத்தை நெருங்கலாம்.

ஜி.எஸ்.டி. வரியும் மாறி இருக்கிறது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு வரி 28-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட பெரிய வண்டிகளுக்கு வரி 40 ஆக உயர்ந்தது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, அது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: முன்பணத்தையும் சேர்த்து, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?

இந்த ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு கம்பெனிகளிடம் கேளுங்கள். எது குறைவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கணக்குப் பாடம் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது கேள்வி: எல்லாக் கட்டணமும் சேர்த்து, வருடத்துக்கு உண்மையான வட்டி எவ்வளவு?

இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு இருக்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், வங்கியும் பைனான்ஸ் கம்பெனியும் இப்படிப்பட்ட கடன் கொடுக்கும்போது ‘முக்கிய விவரத் தாள்’ ஒன்று தர வேண்டும். வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அதில் இருக்கும். எல்லாம் சேர்ந்த உண்மையான வருட வட்டியும் இருக்கும். அதைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அந்தத் தாளில் சொன்ன நிபந்தனைகளுக்குக் குறைந்தது 3 வேலை நாள் அவர்கள் கட்டுப்பட வேண்டும். “இன்றே கையெழுத்துப் போடுங்கள், நாளை இந்த வட்டி கிடையாது” என்று அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். விளக்கடியில் உட்கார்ந்து, குடும்பத்தோடு படியுங்கள்.

பேரம் எங்கே பேசலாம்?

காய்கறிக் கடையில் பேரம் பேசத் தெரிந்த நாம், மோட்டார் சைக்கிள் கடையில் வாய் அடைத்துப் போகிறோம். இங்கேயும் பேசலாம். எங்கே பேசுவது என்று தெரிந்தால் போதும்.

கடை விலையை வைப்பது கம்பெனி. அதில் அதிகம் அசையாது. வரியும் அசையாது. மற்றவை அசையும்.

இன்சூரன்ஸ்: புது இருசக்கர வண்டிக்கு, பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்சை 5 வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். 2018-ம் ஆண்டு செப்டம்பர் முதல் இது கட்டாயம். ஆனால் கடைக்காரர் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விசாரித்துவிட்டுப் போங்கள். “அங்கே இவ்வளவு குறைவு” என்று சொன்னால், இங்கேயும் குறைப்பார்கள்.

உதிரிச் சாமான்கள்: கம்பித் தடுப்பு, சீட் உறை, கூடுதல் வாரண்டி என்று பட்டியல் நீளும். வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள்.

‘ஹேண்ட்லிங்’ கட்டணம்: எதற்காக என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

தலைக்கவசம்: இருசக்கர வண்டி விற்கும்போது தரமான தலைக்கவசம் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

கடன்: ஷோரூமில் உட்கார்ந்து இருக்கும் பைனான்ஸ் ஆளிடம்தான் கடன் வாங்க வேண்டும் என்பது இல்லை. சம்பளம் வரும் வங்கியில் முதலில் கேளுங்கள். உங்கள் தொழிற்சாலையில் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருந்தால், அங்கேயும் கேளுங்கள். கையில் வேறு ஒரு கடன் ஒப்புதல் இருந்தால், ஷோரூமில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

நேரமும் முக்கியம். ஆடி மாதத்தில் புது வண்டி எடுக்க நம்மில் பலர் தயங்குவார்கள். கடை காற்று வாங்கும். அப்போது போனால், நின்று பேசுவார்கள். ஆயுத பூஜைக்கு முந்திய நாள் போனால், வண்டி கிடைப்பதே பெரிது.

தீபாவளி போனசை முன்பணமாகப் போடுவது நல்லது. 20 ஆயிரம் கூடுதலாகக் கட்டி, கடனை 80 ஆயிரமாகக் குறைத்தால், மேலே சொன்ன 36 மாதக் கணக்கில் 6 ஆயிரம் ரூபாய் வட்டி மிச்சம்.

ஒப்பந்தத் தொழிலாளர் கவனத்துக்கு!

இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் எல்லோரும் நிரந்தரத் தொழிலாளர் அல்ல. ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் உண்டு. பயிற்சியாளர் உண்டு. திருவண்ணாமலையில் இருந்தும், விழுப்புரத்தில் இருந்தும், வட மாநிலங்களில் இருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கி இருப்பவர் பலர்.

இவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். வேலை ஒப்பந்தம் எவ்வளவு காலம்? கடன் எவ்வளவு காலம்? வேலை 1 வருடத்தில் முடியலாம். தவணையோ 3 வருடம் நிற்கும். வேலை போன மறுமாதமும் தவணை வரும்.

ஆகவே ஒரு யோசனை. வண்டி வாங்குவதற்கு முன்பே தவணை கட்டிப் பாருங்கள்! மாதம் ரூ.3,500-ஐத் தபால் ஆபீசிலோ வங்கியிலோ போடுங்கள். 6 மாதம் தவறாமல் போட முடிந்தால், உங்களால் தவணை கட்ட முடியும். போட முடியவில்லையா? நஷ்டம் ஒன்றும் இல்லை. கடன் வாங்காமல் தப்பித்தீர்கள். போட்டு முடித்தால், கையில் ரூ.21,000 இருக்கும். அதுவே முன்பணம்.

தவணைத் தேதியையும் பாருங்கள். சம்பளம் 7-ந் தேதி வரும்; தவணையை 5-ந் தேதி எடுப்பார்கள் என்றால், ஒவ்வொரு மாதமும் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும். அதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். பைனான்ஸ் கம்பெனி ஒரு கட்டணம் பிடிக்கும். 10-ந் தேதியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். முதலிலேயே கேட்டால் செய்வார்கள்.

கையெழுத்துக்கு முன்

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பாத படிவத்திலும் போடாதீர்கள். தொகை எழுதாத செக் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் வாங்குங்கள்.

‘கடன் இன்சூரன்ஸ்’ என்று ஏதாவது சேர்த்து இருக்கிறார்களா என்று பாருங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள்.

நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்களும் யோசிக்க வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும்.

தவணை தவறினால்?

கஷ்டம் வந்து தவணை தவறலாம். ஒளிந்து கொள்ளாதீர்கள். கம்பெனிக்குப் போய், நிலைமையைச் சொல்லி, அவகாசம் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தப்படி வண்டியை எடுத்துக்கொள்ள கம்பெனிக்கு வழி உண்டு. ஆனால் அடியாட்களை அனுப்பிப் பறிக்கக் கூடாது. 2007-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து தொல்லை கொடுக்கக் கூடாது என்று 2022-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி கூறியது. மீறினால், முதலில் அந்தக் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனதோடு கடன் தீர்ந்துவிடாது. அதை விற்ற பணம் போதாவிட்டால், மீதியை உங்களிடம் கேட்பார்கள்.

கடைசித் தவணை கட்டியாயிற்றா?

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். கடைசித் தவணை கட்டியதும், வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருக்கிறது. அது இருக்கும் வரை வண்டியை விற்பது தொல்லை. கம்பெனியிடம் ‘கடன் பாக்கி இல்லை’ என்ற சான்றையும், ‘படிவம் 35’-ஐயும் வாங்குங்கள். போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அந்தப் பெயரை நீக்குங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்திலும் நீக்கச் சொல்லுங்கள்.

அன்றுதான் வண்டி முழுவதும் உங்கள் வண்டி.

மாலை 6 மணி. ஒரகடம் கூட்டு ரோட்டில் மறுபடியும் பஸ்கள். மறுபடியும் மோட்டார் சைக்கிள்கள். புது வண்டி ஒன்று மாலையோடும் எலுமிச்சம் பழத்தோடும் போகிறது. பின்னால் அம்மா உட்கார்ந்து இருக்கிறார். அவருடைய பையில் பூவும் கற்பூரமும் இருக்கும். அந்த முக்கிய விவரத் தாளும் மடித்து வைத்து இருந்தால், குடும்பம் நிம்மதியாகத் தூங்கலாம்.